ஆண்டு முழுவதும் இயங்கும் ரத்தக் கொடையாளர் குழுவை இளைஞர்கள் நடத்துவது எப்படி?

தேர்வுகள் முடிந்து கல்லூரிகள் விடுமுறை விடும் ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டு ரத்த வங்கிகளில் கையிருப்பு குறைவது வழக்கம். ரத்தம் கொடுப்பவர்களில் மாணவர்கள் அதிகம்; முகாம்கள் பலவும் கல்லூரி வளாகங்களிலேயே நடக்கின்றன. ஆனால் விபத்தும் பிரசவமும் விடுமுறை பார்த்து வருவதில்லை. கடுமையான தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும். ஓர் ஊரில் பத்து இளைஞர்கள் பொறுப்பெடுத்துக்கொண்டால், பெரிய பணமோ அமைப்போ இல்லாமலே, அந்த ஊரின் ரத்தத் தேவையில் ஒரு பங்கை ஆண்டு முழுவதும் தாங்க முடியும்.

முதல் வேலை, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் ரத்த வங்கிக்கு நேரில் சென்று அங்குள்ள மருத்துவ அலுவலரைச் சந்திப்பது. எந்த மாதங்களில் தட்டுப்பாடு வருகிறது, எந்த வகை ரத்தம் அடிக்கடி தீர்ந்துபோகிறது, ஒரே நாளில் எத்தனை யூனிட் (ஒருவர் ஒருமுறை கொடுக்கும் ரத்தம் ஒரு யூனிட்) வரை அவர்களால் எடுத்துப் பரிசோதித்துச் சேமிக்க முடியும் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இதைக் கேட்காமல் தொடங்கும் குழுக்கள்தான் தலைவரின் பிறந்தநாளுக்கோ ஆண்டு விழாவுக்கோ ஒரே நாளில் நூற்றுக்கணக்கான யூனிட் சேர்த்துக் கொடுக்கின்றன. அந்த உழைப்பின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ரத்தம் நாள்பட இருக்காது. ஒரு யூனிட் ரத்தத்திலிருந்து பிரிக்கப்படும் சிவப்பணுக்கள் அதிகபட்சம் 42 நாள், தட்டணுக்கள் 5 நாள்தான் பயன்படும்; உறைய வைத்த பிளாஸ்மா மட்டும் ஓராண்டு தாங்கும். மேலும், முகாமில் கொடுத்த அத்தனை பேரும் அடுத்த மூன்று மாதங்களுக்கு மீண்டும் கொடுக்க முடியாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். எனவே மாதம் இருபது யூனிட் தவறாமல் கொடுக்கும் குழு, ஆண்டுக்கு ஒருமுறை இருநூற்று நாற்பது யூனிட் கொடுக்கும் குழுவைவிட நோயாளிகளுக்கு அதிகம் உதவும்.

இதற்கான கணக்கு எளியது. விருப்பமுள்ள 120 பேர் சேர்ந்தால் அவர்களை இருபது பேர் கொண்ட ஆறு அணிகளாகப் பிரிக்கலாம். முதல் அணிக்கு ஜனவரியும் ஜூலையும், இரண்டாம் அணிக்கு பிப்ரவரியும் ஆகஸ்டும் என்று முறை வைத்தால், ஒருவர் ஆண்டுக்கு இருமுறை கொடுப்பார். மாதந்தோறும் இருபது யூனிட் ரத்த வங்கிக்குச் சேரும். இரண்டு முறைகளுக்கு இடையே ஆண்களுக்கு 90 நாளும் பெண்களுக்கு 120 நாளும் இருக்க வேண்டும் என்ற விதியும் இதில் தானாகவே காக்கப்படும். ஒருவர் நடுவில் அவசரத் தேவைக்குக் கொடுத்துவிட்டால், இடைவெளி நிறையும்வரை அவருடைய முறையைத் தள்ளிவைக்க வேண்டும். இருபது பேருக்கு முகாம் தேவையில்லை. நான்கு நாள்களில் ஐந்தைந்து பேராக ரத்த வங்கிக்கே சென்று வரலாம். முகாம் வேண்டுமென்றால், அதை உரிமம் பெற்ற ரத்த வங்கிதான் நடத்த வேண்டும். இடம், நாற்காலி, குடிநீர், கொடையாளர் வருகை ஆகியவற்றை மட்டும் குழு கவனித்துக்கொள்ளும். நாட்டு நலப்பணித் திட்டம், இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம் (ரெட் ரிப்பன் கிளப்) ஆகியவற்றில் ஒன்று உங்கள் கல்லூரியில் இருந்தால், அதன் பொறுப்பாசிரியர் வழியாக ரத்த வங்கியை அணுகுவது வேலையை விரைவாக்கும்.

பட்டியலே இந்தக் குழுவின் உயிர். பெயர், தொலைபேசி எண், வசிக்கும் பகுதி, கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி, பகலிலா இரவிலா எப்போது வர இயலும் என்ற குறிப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். ரத்த வகையைக் கொடையாளர் அட்டையையோ பரிசோதனைச் சீட்டையோ பார்த்த பிறகே எழுத வேண்டும். பள்ளி அடையாள அட்டையில் அச்சிட்டிருந்ததை நம்பி எழுதினால், அவசர நேரத்தில் தவறான ஆளை நள்ளிரவில் எழுப்ப நேரிடும். நெகட்டிவ் வகையினர் நம் நாட்டில் நூறில் ஐந்தாறு பேர் அளவிலேயே இருக்கிறார்கள். அவர்களை மாத முறையில் சேர்க்காமல் தனிப் பட்டியலில் வைத்து, ரத்த வங்கி கேட்கும்போது மட்டும் அழைப்பது நல்லது. முழுப் பட்டியலும் இரண்டு பேர் கையில் மட்டும் இருக்கட்டும். கொடையாளர்களின், குறிப்பாகப் பெண்களின், எண்களை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வதும் நோயாளியின் உறவினரிடம் நேரடியாகக் கொடுப்பதும் கூடாது.

யார் கொடுக்கலாம் என்பதை முடிவு செய்வது மருத்துவரே. எனினும் அடிப்படைத் தகுதிகளைக் குழுவினர் அறிந்திருந்தால் வீண் அலைச்சல் குறையும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 12.5 கிராம் இருக்க வேண்டும். 45 கிலோ எடையுள்ளவரிடம் 350 மில்லிலிட்டர் எடுக்கப்படும். 450 மில்லிலிட்டர் எடுக்க எடை 55 கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். வெறும் வயிற்றிலோ, இரவு முழுவதும் தூங்காமலோ வரக்கூடாது. சமீபத்தில் பச்சை குத்தியவர்களும் டெங்கு, மலேரியா போன்ற காய்ச்சலிலிருந்து மீண்டவர்களும் குறிப்பிட்ட காலம் காத்திருக்க வேண்டும். வினாப்படிவத்தை ஒவ்வொருவரும் தனியாக நிரப்ப இடம் கொடுப்பது மிக முக்கியம். நண்பர்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அதிலுள்ள அந்தரங்கக் கேள்விகளுக்கு யாரும் உண்மை எழுத மாட்டார்கள். அந்தப் பொய்யின் விளைவு எங்கோ ஒரு நோயாளியின் உடலுக்குள் போய்ச் சேரும். எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள விரும்புபவர் அதற்காக ரத்தம் கொடுக்க வரக்கூடாது. அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் அந்தப் பரிசோதனை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படுகிறது. வினாப்படிவத்தில் பொய் எழுதத் தூண்டும் என்பதால் வருகைப் பதிவு, மதிப்பெண், பரிசு என்று எதையும் ரத்ததானத்தோடு கட்டிப்போடக் கூடாது.

ஆர்வத்தோடு வரும் மாணவிகளில் பலர் ஹீமோகுளோபின் குறைவால் திருப்பி அனுப்பப்படுவார்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. திரும்பிப் போகிறவர் அவமானப்பட்டதாக உணராதபடி அருகில் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி இரும்புச்சத்து மாத்திரை பெற வழிகாட்ட வேண்டும். சில மாதங்கள் கழித்து எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க வேண்டும். இப்படி ஒரு பெண்ணின் ரத்தசோகை சரியாகிவிட்டால், அதுவும் ஒரு யூனிட் ரத்தத்துக்கு இணையான சேவை என்றே நான் கருதுகிறேன்.

அவசர அழைப்புகளைக் கையாளப் பயிற்சி வேண்டும். அழைப்பவரிடம் நோயாளியின் பெயர், மருத்துவமனை, வார்டு, தேவைப்படும் வகை, எத்தனை யூனிட் ஆகியவற்றைக் கேட்டு, மருத்துவர் எழுதிய ரத்தக் கோரிக்கைச் சீட்டின் படத்தை அனுப்பச் சொல்ல வேண்டும். பிறகு ரத்த வங்கிக்குப் பேசி, கையிருப்பு உண்மையிலேயே இல்லையா என்று உறுதி செய்ய வேண்டும். பல நேரங்களில் அந்த ஒரு அழைப்பிலேயே தேவை தீர்ந்துவிடும். இல்லையென்றால் பட்டியலில் அருகில் வசிப்பவரை அழைத்து, அவரோடு குழுவில் ஒருவரும் துணைக்குச் செல்ல வேண்டும். தேதியில்லாத செய்தியை யாரும் பரப்பக் கூடாது. தேவை தீர்ந்து பல மாதங்கள் கழித்தும் அதே செய்தி சுற்றிக்கொண்டிருப்பதால், நோயாளியின் குடும்பத்தினர் தெரியாத ஊர்களிலிருந்து வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லித் தவிப்பதுண்டு.

பணத்தைப் பொறுத்தவரை குழு உறுதியாக இருக்க வேண்டும். பணத்துக்கு ரத்தம் கொடுப்பதை ஒழிக்குமாறு உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி 1 முதல் அது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. நன்றியால் உறவினர் கொடுக்கும் நூறு ரூபாய் பெட்ரோல் செலவைக்கூட அன்போடு மறுத்துவிட வேண்டும். குழுவின் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டதாகத் தெரிந்தால் அன்றே ரத்த வங்கி அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். முகாமுக்குப் பழச்சாறோ பிஸ்கட்டோ தர விரும்பும் கடைக்காரரிடம் பொருளாகவே வாங்கிக்கொண்டால், கணக்கு எழுதும் சுமையும் சந்தேகமும் இல்லை.

மாணவர்கள் மூன்று ஆண்டுகளில் ஊரைவிட்டுப் போய்விடுவதால் பல குழுக்கள் சத்தமில்லாமல் நின்றுபோகின்றன. இதைத் தவிர்க்க, அழைப்புகளுக்கென்று தனி சிம் கார்டு ஒன்றை வைத்துக்கொண்டு, அதை யாருடைய சொந்த எண்ணாகவும் ஆக்காமல் பொறுப்பாளரிடமிருந்து பொறுப்பாளருக்கு மாற்ற வேண்டும். இறுதியாண்டு மாணவர் ஒருவர் பொறுப்பில் இருந்தால் அவருக்குத் துணையாக இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் டிசம்பரிலேயே அமர்த்தப்பட்டு, பட்டியலைத் திருத்துவது முதல் ரத்த வங்கி அலுவலரைச் சந்திப்பது வரை எல்லாவற்றிலும் உடன் இருக்க வேண்டும். ஏப்ரல், மே முறைகளுக்கு உள்ளூரிலேயே வேலை பார்ப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் ஆகியோரைக் கொண்ட அணிகளை ஒதுக்கி, அவர்களிடம் மார்ச் முதல் வாரத்திலேயே தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.