இடம் காட்டுகிறவர் யாருடைய ஆள்? ராமநாதபுரம் கடற்கரையில் மனை வாங்குவோருக்கு

உச்சிப்புளியிலோ தேவிபட்டினத்திலோ இடம் காட்டும் புரோக்கர், பெரும்பாலும் விற்பவரிடமும் கமிஷன் பேசியிருப்பார். அது தெரிந்து நடந்தால் தப்பில்லை. அதனால் வண்டியில் ஏறும் முன்பே கேளுங்கள்: “அந்தப் பக்கமும் வாங்குறீங்களாண்ணே?”

1. புரோக்கரோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்
வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், ஆனால் தகராறு வந்தால் நிரூபிப்பது கடினம். எந்த ஊர், எத்தனை செண்டு, உச்ச விலை, கமிஷன், காலக்கெடு (90 நாள் போதும்) எல்லாம் அதில் இருக்கட்டும். பத்திரம் பதிவான அன்றுதான் கமிஷன் என்றும் எழுதுங்கள். அட்வான்ஸ் போட்ட அன்றே பாதி கேட்பார்கள். வேறு பேச்சு இல்லாதபோது வேலை முடிந்தபின்தான் கூலி என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219ஆம் பிரிவு.

2. விலையை மேலே வைத்துச் சொல்வதைத் தடுங்கள்
மொத்தச் சிக்கலும் இங்கேதான். உரிமையாளர் செண்டு 80,000 கேட்கிறார், புரோக்கர் உங்களிடம் 95,000 என்கிறார் என்று வையுங்கள். 10 செண்டுக்கு 1,50,000 ரூபாய் இடையில் போய்விடும். நேர்மையான 2% கமிஷனோ வெறும் 16,000. எதற்காக உழைப்பார்? இன்னொரு வகை, உரிமையாளரிடம் தானே அக்ரிமென்ட் போட்டுவைத்து உங்களுக்குக் கைமாற்றுவது. உங்கள் முகவராக இருக்கும் புரோக்கர் உங்களுக்குத் தெரியாமல் அப்படிச் செய்தால், அந்த லாபத்தைக் கேட்க அதே சட்டத்தின் 216ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகவே “விலையை உரிமையாளர் முன்னிலையில்தான் பேச வேண்டும்” என்ற வரியை விட்டுவிடாதீர்கள்.

3. அவர் கொண்டுவர வேண்டியவை
பட்டா, அ-பதிவேடு (கிராமத்தின் நில விவரப் பதிவேடு), புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்), தாய்ப்பத்திரம் (முந்தைய மூலப் பத்திரம்), 30 வருட வில்லங்கச் சான்று (இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானப் பட்டியல்). பதிவாகாத ஒப்பந்தமும் விடுபட்ட வாரிசின் பங்கும் வில்லங்கத்தில் தெரியாது. வக்கீலை நீங்களே வையுங்கள், புரோக்கர் சொல்லும் ஆள் வேண்டாம்.

“கடல் தெரியும் இடம்” என்றால் கூடுதல் கவனம். உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் அலை ஏறும் உச்ச எல்லை) 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடு வரும். பத்திரம் பதிவாகிவிடும், வீடு கட்ட அனுமதிதான் கிடைக்காமல் போகலாம். சர்வே எண்ணை அந்த மண்டல வரைபடத்தில் ஒப்பிடுங்கள். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்று கோடையில் வாயில் ஊற்றிப் பாருங்கள்.

லேஅவுட் மனையா? 500 சதுர மீட்டரைத் தாண்டிய திட்டம் ரெராவில் (மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவாகியிருக்க வேண்டும். அதை விற்றுத்தரும் புரோக்கருக்கும் தனிப் பதிவெண் வேண்டும்.

4. பணம்
அட்வான்ஸ் புரோக்கர் கையில் போகக்கூடாது, உரிமையாளர் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறினால் வருமான வரிச் சிக்கல் வரும். கமிஷனையும் வங்கி வழியே கொடுத்து, சர்வே எண் குறித்த ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.