பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர: டெல்டா மாணவர்களுக்குப் படிப்படியான வழி

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதத் தொடக்கத்தில் வரும். அதையொட்டியே பொறியியல், அரசு கலைக் கல்லூரி இரண்டுக்கும் ஆன்லைன் விண்ணப்பம் திறந்துவிடும். கலைக் கல்லூரிக்கு இரண்டு மூன்று வாரம், பொறியியலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம், அவ்வளவுதான் அவகாசம். நம் பக்கத்தில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியும் இதே சமயத்தில்தான் நடக்கும். விஏஓ கணக்குகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருப்பார். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் வீட்டில் எல்லோருக்கும் குறுவை வேலை. நல்ல மார்க் எடுத்தும் ஒரு சான்றிதழ் இல்லாமல் சலுகையை இழப்பவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். ஆகவே வேலையை ரிசல்ட்டுக்கு முன்பே, பொங்கல் கழிந்ததும் தொடங்குங்கள்.

படி 1: சான்றிதழ்கள் (ஜனவரி முதல் மார்ச் வரை)

முதலில் எல்லாப் பேப்பரையும் தரையில் பரப்பி வைத்துப் பெயரைச் சரிபாருங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், ஜாதிச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக் நான்கிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா பெயர் ஒன்றாக இருக்கவேண்டும். பள்ளியில் 'செ. கார்த்திகா', ஆதாரில் 'கார்த்திகா செல்வராஜ்' என்று இருந்தால் பின்னால் உதவித்தொகை வரும்போது சிக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவதே சுலபம். ஆதார் திருத்தத்துக்கு நாள் பிடிக்கும் என்பதால் அதை முதலில் கொடுங்கள்.

அடுத்து இ-சேவை மையம். ஆதாரையும் செல்போன் எண்ணையும் கொடுத்துக் குடிமக்கள் கணக்கு எண் ஒன்றைப் பதிந்துகொண்டால் எல்லாச் சான்றுக்கும் அதுவே போதும். ஒரு சான்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் விஏஓ, வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தார் அல்லது துணைத் தாசில்தாரிடம் போகும். ஸ்கேன் மங்கலாக இருந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். செல்போனுக்கு வரும் குறுஞ்செய்தியைப் படித்து, திரும்பி வந்திருந்தால் என்ன காரணம் என்று பார்த்து உடனே மறுபடி ஏற்றுங்கள்.

ஜாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால், டிஜிட்டல் கையெழுத்துள்ள புதியதை வாங்கிவிடுங்கள். வருமானச் சான்றை மூன்று வருடம் முன்பு எடுத்ததை வைத்துச் சமாளிக்க முடியாது. அந்த ஆண்டுக்குரியது வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏதாவது ஒரு வருடம் வெளிமாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றும் கேட்பார்கள். காரைக்கால் பள்ளிகளில் படித்த நாகை, மயிலாடுதுறைப் பிள்ளைகள் இதைக் கவனிக்கவேண்டும். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது.

அதிக நாள் இழுப்பது முதல் பட்டதாரிச் சான்றிதழ், அதாவது குடும்பத்தில் முதலில் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்குக் கட்டணச் சலுகை தரும் சான்று. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் என்று குடும்பத்தில் எல்லோருடைய படிப்பு விவரமும், எல்லோரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழியும் வேண்டும். அப்பா திருப்பூரிலோ துபாயிலோ வேலை பார்த்தால் கையெழுத்துக்கே ஒரு மாதம் ஓடிவிடும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்குக் கிடையாது. இந்தக் கட்டணச் சலுகை அரசுக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்பவர்களுக்கு மட்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் சான்றிதழ் இருந்தும் பயன் இல்லை.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-லும் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிக்கு இது பொருந்தாது. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்குச் சான்று வேண்டும். ஆறாம் வகுப்பை வேறு ஊரில் படித்தவர்கள் தேர்வுக்கு முன்பே போய் அந்தத் தலைமையாசிரியரிடம் வாங்கிவிடுங்கள். மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும்.

படி 2: எந்தப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது

ஒரே விண்ணப்பம் போட்டால் எல்லாக் கல்லூரிக்கும் போய்விடும் என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய. உண்மையில் ஒவ்வொன்றுக்கும் தனி வழி.

ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பம் மூடிவிடும் நுழைவுத் தேர்வுகள் மூன்று. திருச்சி என்ஐடிக்கும், தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் பி.டெக் படிப்புக்கும் ஜேஇஇ மெயின் எழுதியிருக்கவேண்டும். எம்பிபிஎஸ் சேர நீட். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகளுக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. பக்கத்து ஊரிலேயே ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் இருந்தும், க்யூட் என்ற பெயரையே கேட்காமல் பிளஸ் டூ முடிப்பவர்கள் நம் மாவட்டங்களில் இன்னும் இருப்பது வருத்தம் தருகிறது. பிளஸ் டூ படிக்கும்போதே, பொங்கலிலிருந்து அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

ரிசல்ட்டுக்குப் பிறகு: பொறியியலுக்கு டிஎன்இஏ என்ற மாநிலப் பொறியியல் சேர்க்கைத் தளம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு டிஎன்ஜிஏஎஸ்ஏ என்ற தனித் தளம். வேளாண்மைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஈச்சங்கோட்டை, திருச்சி நாவலூர் குட்டப்பட்டு கல்லூரிகள் இதில் வரும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான். நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகப் படிப்புகளும் பொறியியல் கலந்தாய்வில் வராது. அறிவிப்பைத் தனியே பாருங்கள். பூண்டி புஷ்பம், மன்னம்பந்தல் ஏ.வி.சி. போன்ற அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கு அந்தந்தக் கல்லூரியிலேயே விண்ணப்பம் வாங்கவேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் டிஎன்இஏவில் கிடையாது.

படி 3: கட் ஆஃப் கணக்கு

பொறியியலுக்குக் கணிதம் முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப்பாதி, மொத்தம் 200. கணிதம் 86, இயற்பியல் 78, வேதியியல் 82 என்றால் 86 + 39 + 41 = 166. வேளாண்மைக்குக் கணக்கு வேறு. உயிரியலும் கணிதமும் சேர்ந்த குரூப்பில் நான்கு பாடமும் பாதிப்பாதி. மேலே சொன்ன மாணவருக்கு உயிரியலில் 90 என்றால் 43 + 39 + 41 + 45 = 168. பொறியியலில் இருவருக்குக் கட் ஆஃப் சமமாக வந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். விண்ணப்பித்தவருக்குக் கணினி ஒதுக்கும் ரேண்டம் எண் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வேலைக்கு வரும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மார்க் குறைந்துவிட்டது என்று உறுதியாகத் தோன்றினால் முதலில் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு மறுமதிப்பீடு கேளுங்கள். அதற்காக விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள்.

படி 4: விண்ணப்பம் நிரப்புதல்

செல்போன் எண், மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையதாகவே இருக்கவேண்டும். பிரவுசிங் சென்டரில் கூட்டம் நெருக்கும்போது அவர்கள் தங்கள் மின்னஞ்சலைப் போட்டு முடித்துவிடுவார்கள். அலாட்மென்ட் வந்த அன்று ஓடிபி அவர்களுக்குப் போகும், கடை மூடியிருக்கும், கெடு முடிந்துவிடும். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள்; எவரிடமும் சொல்லாதீர்கள். ஆகஸ்ட் வரை அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் இருக்கட்டும்.

பொறியியல் பதிவுக்கட்டணம் 500 ரூபாய். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 250. வீட்டில் இணையம் சரியில்லை என்றால் டிஎன்இஏ உதவி மையத்துக்கே போய் இலவசமாக நிரப்பலாம். சப்மிட் கொடுக்கும் முன் மூன்று இடங்களை மறுபடி பாருங்கள்: ஜாதிப் பிரிவு, முதல் பட்டதாரி, 7.5 சதவீதம். இந்த மூன்றில் 'இல்லை' என்று விழுந்துவிட்டால் சான்றிதழ் கையில் இருந்தும் சலுகை வராது. சான்றிதழ் சரிபார்ப்பு நாட்களில் தினமும் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். ஏதாவது குறை சொல்லியிருந்தால் அந்தக் கெடுவுக்குள் திருத்தியாகவேண்டும்.

படி 5: சாய்ஸ் பட்டியல்

மார்க்குக்கு அடுத்தபடி உங்கள் இடத்தைத் தீர்மானிப்பது, பொறியியல் கலந்தாய்வில் விரும்பும் கல்லூரியையும் பிரிவையும் வரிசையாக எழுதும் இந்தப் பட்டியல்தான். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகும். உங்கள் முறை வரும்போது காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கிடைக்காது என்று தோன்றுகிற நல்ல கல்லூரியை முதலில் போட்டால் எதுவும் நஷ்டம் இல்லை; அது காலியாக இல்லாவிட்டால் அடுத்ததற்குப் போகும். 'இதாவது கிடைக்கட்டும்' என்று பயந்து சுமாரான கல்லூரியை மேலே வைத்தால், அதையே கொடுத்துவிடும். ஆகவே ஆசைப்படும் வரிசையிலேயே எழுதுங்கள். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. பத்துப் பன்னிரண்டு சாய்ஸோடு நிறுத்தியவர்கள்தான் அந்தச் சுற்றில் இடமே இல்லாமல் போவார்கள்.

போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு, உங்கள் ஜாதிப் பிரிவில் எந்தக் கட் ஆஃபில் மூடியது என்ற விவரம் டிஎன்இஏ தளத்திலேயே இருக்கும். அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 166 எடுத்தவர் 172-ல் மூடியவை தொடங்கி 155-ல் மூடியவை வரை எடுக்கலாம். செங்கிப்பட்டி அரசு பொறியியல் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் திருச்சி வளாகம், திருக்குவளை, பட்டுக்கோட்டை உறுப்புக் கல்லூரிகள் எல்லாம் பக்கம். தெரியாத தனியார் கல்லூரியைப் பார்ப்பதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள். கல்லூரிக் குறியீட்டு எண்ணைக் கட்டாயம் ஒப்பிடுங்கள்; ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருக்கின்றன. பிரிவின் பக்கத்தில் 'தமிழ் வழி' என்றோ சுயநிதி என்றோ இருந்தால் அது வேறு இடம். சுயநிதிக்குக் கட்டணமும் வேறு. தினம் போய்வருவதாக இருந்தால் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

படி 6: அலாட்மென்ட் வந்தபின்

தற்காலிக அலாட்மென்ட்டைப் பார்த்து உறுதிசெய்ய இரண்டே நாள்தான் கிடைக்கும். இதுவே போதும் என்றால் ஏற்றுக்கொண்டு கல்லூரியில் சேரலாம். மேலே உள்ள சாய்ஸ் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் இது இருக்கட்டும் என்றால் 'ஏற்பு, மேல்நோக்கி' என்பதைத் தேர்ந்தெடுத்து, கெடுவுக்குள் உதவி மையத்தில் பணம் கட்டவேண்டும். மேலே இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. ஆகவே போக விருப்பமில்லாத எதுவும் பட்டியலின் மேலே இருக்கக்கூடாது. எதையும் அழுத்தாமல் விட்டால் இடம் போய்விடும்.

படி 7: அரசு கலைக் கல்லூரி

பொறியியலுக்குப் போட்டவர்களும் இதற்கும் போட்டு வையுங்கள். செலவு மிகக் குறைவு. 1854-ல் தொடங்கிய கும்பகோணம் அரசு ஆடவர் கல்லூரி, தஞ்சாவூர் மன்னர் சரபோஜி, குந்தவை நாச்சியார், திருவாரூர் திரு.வி.க., மன்னார்குடி மன்னை இராசகோபாலசாமி எல்லாம் இதில்தான். தமிழ், ஆங்கில இலக்கியம் சேர அந்த மொழிப் பாட மதிப்பெண்ணையும், மற்றப் படிப்புக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் 400-ஐயும் வைத்து ரேங்க் போடுவார்கள். இங்கே சேர்க்கைக்குக் கல்லூரிக்கே நேரில் கூப்பிடுவார்கள். பெயர் பட்டியலைக் கல்லூரித் தளத்திலும் அறிவிப்புப் பலகையிலும் பாருங்கள். அன்றைக்குப் போகாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். இரண்டாம் ஷிப்ட் மாலையில்தான் முடியும். உள்கிராமத்துக்குக் கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடுமானால் முதல் ஷிப்ட்டையே கேளுங்கள்.

படி 8: பணமும் அசல் சான்றிதழும்

7.5 சதவீதத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பணம் உங்கள் பெயரில் உள்ள, ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் வரும். அம்மா கணக்கைக் கொடுத்தால் வராது.

ரிசல்ட்டுக்கு முன்பே வீடு தேடி வந்து 'சீட் பிடித்துத் தருகிறோம், ஒரிஜினலைக் கொடுங்கள்' என்பவர்களிடம் மார்க் ஷீட்டையோ டிசியையோ கொடுக்காதீர்கள். கலந்தாய்வில் இடம் கிடைக்கும்போது அசல் அவர்கள் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். கல்லூரிகள் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே அறிவித்துவிட்டது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தரவேண்டும். சேர்க்கைக்கு முன் எல்லாவற்றிலும் ஐந்து நகல் எடுத்து, செல்போனிலும் பிடிஎஃப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாடம் போய்விட்டது என்றாலும் இந்த வருடமே சேரலாம். துணைத்தேர்வு அதே கோடையில் வரும். தேர்ச்சி பெற்றவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு நடக்கும், அரசு கலைக் கல்லூரிகளிலும் காலியிடம் இருக்கும். துணைத்தேர்வுக்குப் பணம் கட்டும் நாளைப் பள்ளியில் ரிசல்ட் வந்த மறுநாளே கேட்டுவிடுங்கள்.