பாஸ்போர்ட்டை ஏஜென்ட் கையில் கொடுப்பதற்கு முன்: முதல்முறை வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

அறந்தாங்கியில் நான் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். விசாவை பிரிண்ட் எடுக்க வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பைக் காட்டி, "கலர்ல ரெண்டு காப்பி போடுங்கண்ணே" என்பார்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு தம்பிக்கு அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். துபாயில் சூப்பர்மார்க்கெட் வேலை என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தும் கடன் வாங்கியும் ஒன்றேகால் லட்சம் கட்டியிருந்தான். அந்தத் தாளில் விசா வகை என்ற இடத்தில் 'டூரிஸ்ட்' என்று இருந்தது. அவன் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை.

ஷார்ஜாவில் ஓர் அறையில் எட்டுப் பேரோடு கிடந்தான். விசா முடிந்தும் நாற்பது நாள் தங்கியதில், நாளுக்கு 50 திர்ஹாம் வீதம் 2,000 திர்ஹாம் அபராதம் கட்டிவிட்டு ஊர் வந்து சேர்ந்தான். அதிலிருந்து, என் கடைக்கு வருகிற எந்த விசாவையும் படிக்காமல் பிரிண்ட் கொடுப்பதில்லை. வளைகுடா, மலேசியா பக்கம் போகிறவர்களிடம் கடையில் நான் சொல்வதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

படி 1: உங்கள் பாஸ்போர்ட் எந்த வகை?

பாஸ்போர்ட்டில் 'எமிகிரேஷன் செக் ரிக்கொயர்டு' என்று அச்சிட்டிருந்தால் அது இசிஆர் பாஸ்போர்ட். பெரும்பாலும் பத்தாவது பாஸ் பண்ணாதவர்களுக்கு இப்படி வரும். சவுதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குப் போக, அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். பேச்சுவழக்கில் 'எமிகிரேஷன் கிளியரன்ஸ்'.

"இசிஆர்னா லேட் ஆகும் தம்பி, விசிட்ல போயிட்டு அங்க மாத்திக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அந்த அனுமதி வாங்க வேண்டுமென்றால் முதலாளி யார், சம்பளம் என்ன, ஒப்பந்தம் என்ன என்பதையெல்லாம் அரசின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதை ஏற்ற முடியாதவர்தான் விசிட்டில் அனுப்பப் பார்ப்பார்.

பட்டம் படித்தவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. அதனால் அவர்களுக்கு வேறு வலை விரிக்கிறார்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கஸ்டமர் கேர், கை நிறையச் சம்பளம் என்று விளம்பரம் வரும். பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றி எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், இணைய மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைப்பார்கள். 2022-ல் நம் தமிழ்நாட்டுப் பையன்களையும் அங்கிருந்துதான் மீட்டுக் கொண்டுவந்தார்கள்.

படி 2: ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள்

1983-ம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்யாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு ஐந்து வருஷத்துக்கு. அதற்கு வங்கி உத்தரவாதமும் கட்டியிருக்க வேண்டும், பெரிய ஏஜென்சி என்றால் 50 லட்சம் ரூபாய். பதிவு எண்ணை அலுவலகச் சுவரிலும் விளம்பரத்திலும் போட வேண்டும். ஃபேஸ்புக்கில் வருகிற போஸ்டர்களில் செல்போன் எண் பெரிதாக இருக்கும், பதிவு எண் இருக்காது.

எண் கிடைத்ததும் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்துக்குப் போங்கள். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் அங்கே இருக்கிறது. மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: பெயர் அப்படியே ஒத்துப்போகிறதா, பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா, உங்களைக் கூப்பிட்ட ஆபீஸின் முகவரி அதில் இருக்கிறதா. பதிவில்லாமல் ஆள் எடுப்பதாகப் புகார் வந்தவர்களின் பட்டியலும் அதே தளத்தில் உண்டு, அதையும் ஒரு தடவை தேடிவிடுங்கள்.

இங்கேதான் சங்கடமான இடம். நம் ஊரில் ஏஜென்ட் என்று வருகிறவர் பெரும்பாலும் ஏஜென்ட்டே கிடையாது. மாமாவின் நண்பர், அத்தை வீட்டுக்குப் பக்கத்துத் தெருக்காரர், முன்பு குவைத்தில் இருந்தவர், இப்படி யாராவது. சப்-ஏஜென்ட் என்ற ஒன்றுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அவரிடம் முறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. "சரி மாமா, எந்த ஆபீஸ் வழியா அனுப்புறீங்க? அந்த ஆபீஸோட நம்பர் குடுங்க, நான் ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று கேளுங்கள். கோபப்பட்டால் அதுவே பதில்.

அந்த ஆபீஸுக்குப் போனதும், முதலாளி அனுப்பிய டிமாண்ட் லெட்டரைக் காட்டச் சொல்லுங்கள். எந்த கம்பெனி, எந்த வேலைக்கு எத்தனை பேர், என்ன சம்பளம் என்பது அதில் இருக்கும். ஒழுங்கான ஏஜென்சி தயங்காமல் காட்டும்.

தனியார் பக்கமே வேண்டாம் என்றால், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது, சென்னை கிண்டியில் அலுவலகம். செவிலியர், டிரைவர், வீட்டு வேலை என்று அவ்வப்போது அறிவிப்பு வரும். எல்லா வேலையும் அங்கே கிடைத்துவிடாது, காத்திருக்கவும் வேண்டும். ஆனால் பணம் எங்கே போகிறது என்று தெரியும்.

படி 3: எவ்வளவு கேட்கிறார்கள்?

பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாய்தான் வாங்கலாம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. ரசீது கொடுத்தே ஆக வேண்டும். மெடிக்கல் போன்ற செலவு தனி, அதற்கும் ரசீது கேளுங்கள்.

உண்மையில் நியாயம் என்னவென்றால் இந்த 30,000-கூட வாங்கக் கூடாது. ஆள் தேவைப்படுவது முதலாளிக்கு, செலவும் அவருடையது என்பதுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிலைப்பாடு. அமீரகச் சட்டமும் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்கிறது. அப்படியே நடக்கிற சில பெரிய கம்பெனிகளும் இருக்கின்றன. இன்டர்வியூவில் "ரெக்ரூட்மென்ட் செலவு யாருடையது?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒன்றேகால் லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கினால் முதல் மாதம் வட்டி மட்டும் 3,750. மாதம் 15,000 அனுப்பினால் கடன் அடைய பத்தாவது மாதம் ஆகும். 35,400 என்றால் அதே வட்டியில் மூன்றாவது மாதமே அடைந்துவிடும். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் பத்து மாதம் வட்டிக்காரருக்கு உழைப்பதா என்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

பணத்தை ஏஜென்சியின் வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள். "என் மச்சான் நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க" என்றால் வேண்டாம்.

படி 4: ஆஃபர் லெட்டரை வரி வரியாகப் படியுங்கள்

போன மாதம் என் கடையில் ஸ்கேன் செய்ய வந்த ஒரு ஆஃபர் லெட்டரில் மொத்தச் சம்பளம் 1,500 திர்ஹாம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 800, மீதி அலவன்ஸ். அந்த அண்ணனுக்கு 1,500 மட்டும்தான் கண்ணில் பட்டது. ஆனால் அமீரகத்தில் ஓவர்டைமும், வேலையை விட்டு வரும்போது கிடைக்கிற கிராஜுவிட்டியும் பேசிக்கை வைத்துத்தான். வருஷத்துக்கு 21 நாள் பேசிக் என்றால், 800-க்கு 560 திர்ஹாம். பேசிக்கே 1,500 ஆக இருந்தால் 1,050 கிடைத்திருக்கும்.

அப்புறம் வேலை நேரம். அங்கே சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம். 'டியூட்டி 12 ஹவர்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால், மீதி நாலு மணி நேரத்துக்கு ஓவர்டைம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். சாப்பாடு, தங்குமிடம், டிக்கெட் ஆகியவை யார் செலவு என்று தெளிவாக இருக்க வேண்டும். 'கம்பெனி விதிப்படி' என்று எழுதியிருந்தால் ஒன்றும் எழுதவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அமீரகத்தில் 2016 முதல் ஆஃபர் லெட்டரைத் தொழிலாளிக்குப் புரிகிற மொழியிலும் தர வேண்டும், அந்த மொழிகளில் தமிழும் உண்டு. கேட்டு வாங்குங்கள். கத்தார் என்றால் சென்னையிலேயே கத்தார் விசா மையம் இருக்கிறது. மருத்துவப் பரிசோதனை, கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் அங்கேயே முடியும். ஏஜென்ட் சொன்ன சம்பளமும் திரையில் காட்டுகிற சம்பளமும் வேறாக இருந்தால் கையெழுத்துப் போடாமல் வந்துவிடலாம். கத்தாரில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால். சாப்பாடும் இடமும் கம்பெனி தராவிட்டால் அதற்கு மேல் 300-ம் 500-ம் தர வேண்டும்.

படி 5: விசாவில் மூன்று இடம்

வகை, தொழில், ஸ்பான்சர் (உங்களுக்கு விசா எடுக்கிற முதலாளி) பெயர். வகை வேலைக்கானதாக இருக்க வேண்டும். தொழில் ஆஃபர் லெட்டரில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். டிரைவர் என்று பேசிவிட்டு விசாவில் பண்ணைத் தொழிலாளி என்று இருந்தால், "அதெல்லாம் சும்மா பேருக்கு" என்பார்கள். அங்கே இறங்கிய பிறகு அந்தப் பேர்தான் செல்லும். ஸ்பான்சர் இடத்தில் வேறு ஒரு கம்பெனி பெயர் இருந்தாலும் கேள்வி கேளுங்கள்.

படி 6: கிளம்பும் முன்

பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு இசிஆர்காரர்களுக்குக் கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375. விபத்தில் இறப்பு, நிரந்தர ஊனம் என்றால் 10 லட்சம். புறப்படும் முன் ஒரு நாள் பயிற்சி வகுப்பும் உண்டு, போய்விட்டு வாருங்கள்.

போனபின் பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்வது அமீரகத்திலும் சவுதியிலும் சட்டப்படி தவறு. நடைமுறையில் இன்னும் பல இடங்களில் வாங்கிவிடுகிறார்கள். அதனால் கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடுங்கள்.

சிக்கல் வந்தால்

வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090. தூதரகம் வழியாகத் தீர வேண்டிய புகாரை அதே அமைச்சகத்தின் 'மதாத்' (MADAD) என்ற இணையதளத்தில் பதியலாம். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. ஏஜென்ட் ஏமாற்றியிருந்தால் இ-மைக்ரேட்டில் ஒரு புகார், ஊர் காவல் நிலையத்தில் ஒரு புகார், இரண்டும் வேண்டும். ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் அழியாமல் இருக்கட்டும். அந்தத் தம்பி, கோபத்தில் ஏஜென்ட்டை பிளாக் செய்து சாட்டையும் அழித்துவிட்டிருந்தான். ஸ்டேஷனில் முதலில் கேட்டதே அதைத்தான்.

வீட்டில் ஒரு கவர் வைத்துவிட்டுப் போங்கள். பாஸ்போர்ட் நகல், விசா, ஆஃபர் லெட்டர், காப்பீடு, பணம் கட்டிய ரசீது எல்லாம் அதற்குள். கவரின் மேலே கம்பெனி பெயர், தங்கும் கேம்ப் இருக்கிற இடம், உங்களோடு ஒரே பிளைட்டில் போகிற ஒருவரின் வீட்டு எண். பேனாவால் பெரிதாக, அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரிகிற அளவுக்கு எழுதுங்கள்.