அமைச்சருக்கும் செயலருக்கும் காலநிலை மாற்றத்தைப் புரியவைப்பது எப்படி

பசுமை இல்ல விளைவு என்றால் என்ன என்று தொடங்கும் வகுப்பில், பத்தாவது நிமிடத்தில் அமைச்சர் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். தவறு அவருடையதல்ல. கையெழுத்துக்குக் காத்திருக்கும் கோப்போடு சேர்த்துச் சொன்னால்தான் விஷயம் அவர் மனத்தில் தங்கும். அதனால் முதல் வேலை ஸ்லைடு தயாரிப்பதல்ல, கோப்பு தேடுவது.

அடுத்த ஆறு மாதத்தில் அந்தத் துறை முடிவெடுக்க வேண்டிய திட்டங்களின் பட்டியலை அவருடைய அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். பாலம், மழைநீர் வடிகால், மருத்துவமனைக் கட்டடம், துணை மின்நிலையம் என ஐம்பது ஆண்டு நிற்க வேண்டிய ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று போதும். எந்தெந்த ஆண்டுகளின் மழைப் பதிவை வைத்து அதை வடிவமைத்தார்கள் என்று பொறியாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதிப் பாடம் அந்தப் பதிலிலேயே இருக்கும்.

கூட்டத்துக்கு முன்கூட்டியே அவர்களுக்கு அனுப்பும் குறிப்பு ஒரே பக்கம். இரண்டாவது பக்கத்தை யாரும் புரட்டப் போவதில்லை. ஐந்து எண்கள் போதும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 1850–1900 சராசரியைவிட 2011–2020இல் புவியின் வெப்பநிலை 1.1 டிகிரி செல்சியஸ் கூடுதல். ஒரு டிகிரி கூடினால் காற்றில் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவி தங்கும். குறைந்த நேரத்தில் மழை கொட்டித் தீர்ப்பதற்கு இது முக்கியக் காரணம். 1901 முதல் 2018 வரை கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. சேர்ந்த கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதம் போல கடலுக்குள் போயிருக்கிறது; உமிழ்வு இன்றே நின்றாலும் கடல் மட்டம் உடனே நிற்காது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மொழிபெயர்ப்பில் ஒரு பள்ளம் உண்டு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கையில் வாய்ப்பைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு இருக்கிறது: ‘likely’ என்றால் 66 சதவீதத்துக்கு மேல், ‘very likely’ என்றால் 90க்கு மேல். இரண்டையும் ‘வாய்ப்புண்டு’ என்று எழுதிவிட்டால், படிப்பவருக்கு ‘நடந்தாலும் நடக்கலாம்’ என்றுதான் கேட்கும். சொல்லை விட்டுவிட்டு எண்ணையே எழுதுங்கள்.

கூட்டம் 90 நிமிடம். அதற்கு முன் அரை மணி நேரம் துறைத் தலைவரை, அதாவது அமைச்சரையோ செயலரையோ, தனியாகச் சந்தியுங்கள். ஓசோன் ஓட்டைதானே இதற்குக் காரணம் என்ற கேள்வியைக் கீழதிகாரிகள் முன்னால் எந்த அமைச்சரும் கேட்கமாட்டார். (காரணம் அதுவல்ல. அது வேறு பிரச்சினை.) பத்திரிகையாளர்கள் கேட்கப்போவதையும் அங்கேயே பேசிவிடுங்கள். 2024 முழு ஆண்டின் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் கூடியிருந்தது. அப்படியானால் உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயலும் 2015 பாரிஸ் ஒப்பந்தம் தோற்றுவிட்டதா? ஒப்பந்தம் சொல்வது நீண்டகாலச் சராசரியை, ஒற்றை ஆண்டை அல்ல. இந்தப் பதிலை அவர் வாயால் ஒரு தடவை சொல்லிப் பார்க்க வைப்பது நல்லது.

கூட்டத்தில் அறிவியல் பேச்சு 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பேசுபவர் அவர்கள் நிலையிலேயே உள்ள வேறொரு துறைச் செயலராக இருந்தால் நல்லது. நிதித்துறைக்காரர் என்றால் இன்னும் நல்லது. விஞ்ஞானி பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும்.

அடுத்த 20 நிமிடம் பாசிமணி போட்ட பையை வைத்து ஒரு விளையாட்டுக்கு. ‘நூறாண்டு வெள்ளம்’ என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவது, போன வருடம்தான் வந்தது, இனிக் கவலையில்லை என்று நினைக்காத அதிகாரி அபூர்வம். உண்மையில் அது எந்த ஆண்டும் 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம். வந்தவர்களை நான்கு மேசைகளில் உட்காரவைத்து, மேசைக்கு ஒரு துணிப்பை கொடுங்கள். ஒவ்வொரு பையிலும் 99 வெள்ளை மணி, 1 சிவப்பு மணி. பார்க்காமல் ஒன்றை எடுத்து, நிறத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். இப்படி 30 தடவை, அதாவது 30 ஆண்டு. ஒரு பையில் சிவப்பு வர 26 சதவீதம்தான் வாய்ப்பு. ஒரே பையை வைத்துச் செய்தால் பெரும்பாலும் ஒன்றும் வராமல் விளையாட்டு சப்பென்று முடிந்துவிடும். நான்கு பை என்றால் எங்காவது வர 70 சதவீதம். பிறகு இன்னொரு சிவப்பு மணியைச் சேர்த்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்: ஒரு பைக்கு 45 சதவீதம் ஆகிவிடும். வெப்பம் ஏறும்போது பையில் நடப்பது இதுதான். எடுத்த மணியைத் திரும்பப் போட மறப்பார்கள். மேசைக்கு ஒருவரைக் கண்காணிக்க வையுங்கள்.

என்-ரோட்ஸ் (En-ROADS) என்ற இலவச இணைய உருவகப்படுத்தியும் உதவும்; எந்த நடவடிக்கை எடுத்தால் உலக வெப்பநிலை எவ்வளவு மாறும் என்று அது காட்டும். எல்லோரும் முதலில் மரம் நடும் பொத்தானைத்தான் கடைசி வரை தள்ளுவார்கள்; 2100இன் வெப்பநிலை கொஞ்சமே அசையும். அந்த ஏமாற்றம் பயனுள்ளது. ஆனால் அது உலகக் கணக்கு, துறைத் திட்டத்துக்கு ஆகாது. 15 நிமிடத்தில் மூடிவிடுங்கள்.

மீதி நேரம் முழுக்க அந்தக் கோப்புக்கு. இந்தத் திட்டம் உமிழ்வைக் குறைக்கிறதா, அல்லது வரும் அடியைத் தாங்க வைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். முன்னது தணிப்பு, பின்னது தகவமைப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் வெள்ளத் தடுப்புப் பணம் சூரியத் தகடுக்குப் போகிறது. பிறகு வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்ட மழை அளவை 20 சதவீதம் கூட்டினால் எந்த உறுப்பு முதலில் பழுதாகும், அதைச் சரிசெய்ய இப்போது எவ்வளவு, பிறகு எவ்வளவு என்று மேசைக்கு மேசை எழுதச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தபின் செயலர் மாற்றலாகிப் போய்விடுவார். அதற்குள் கோப்புப் படிவத்தில் மூன்று வரி சேர்த்துவிட வேண்டும்: கட்டமைப்பின் ஆயுள் எத்தனை ஆண்டு, எந்த ஆண்டு வரையிலான தரவு பயன்பட்டது, 20 சதவீதக் கூடுதல் மழைக்கு என்ன ஏற்பாடு. இந்த வரிகள் காலியாக இருந்தால் நிதித்துறை கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். குறிப்பை எழுதும் பிரிவு அலுவலர்களுக்குத் தனியாக அரை நாள் வகுப்பு எடுங்கள். தலைவர் படிப்பது அவர்கள் எழுதியதைத்தான்.

பயிற்சி முடிந்ததும் நிரப்பி வாங்கும் கருத்துப் படிவத்தை நம்பாதீர்கள், எல்லாவற்றிலும் ‘மிக நன்று’ என்றுதான் இருக்கும். மூன்று மாதம் கழித்து அந்தத் துறையின் பத்துக் கோப்புகளை எடுத்து, மூன்றாவது வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பத்திலும் ‘பொருந்தாது’ என்று இருந்தால், அடுத்த கூட்டத்துக்கான கோப்பு கிடைத்துவிட்டது.