பழைய டூ-இன்-ஒன்னில் வெளி ஸ்பீக்கர்: ஒயரை வெட்டும் முன் மீட்டரை எடுங்கள்

பரணிலிருந்து இறக்கிய டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த செட்) பெரும்பாலும் கேசட் பெல்ட் பிசினாக உருகியிருக்கும், ஸ்பீக்கரின் ஓரம் கிழிந்து கரகரக்கும். ஆனால் ஆம்ப்ளிஃபையர் போர்டு நன்றாகவே இருக்கும். அதில் நல்ல வெளி ஸ்பீக்கர் பெட்டி இரண்டு மாட்டினால் அதே செட்டா என்று கேட்கத் தோன்றும்.

வேலை அரை நாள்தான். மல்டிமீட்டர், சால்டரிங் அயன், ஈயம், ஆறு கால் டோகிள் சுவிட்ச் ஒன்று, அழுத்திச் செருகும் ஸ்பீக்கர் டெர்மினல் ஒன்று (நான்கு ஓட்டை உள்ளது), கொஞ்சம் ஒயர். எல்லாம் ரிச்சி தெரு மாதிரி எந்த எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவிலும் கிடைக்கும்.

1. கரண்ட் வேண்டாம், பேட்டரி போதும்

பவர் கார்டைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். செட்டுக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் 230 வோல்ட் அந்த மூலை வரை வருகிறது. எல்லாச் சோதனையையும் பேட்டரியிலேயே செய்யலாம். பெரிய பேட்டரி ஆறு போட்டால் 9 வோல்ட். கை பட்டாலும் ஒன்றும் ஆகாது.

2. ஓம்ஸ் பாருங்கள்

உள் ஸ்பீக்கரின் பின்புறம் 4 அல்லது 8 ஓம்ஸ் என்று அச்சிட்டிருக்கும். அழிந்திருந்தால் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு மீட்டரில் அளந்து பாருங்கள். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் 6, 7 என்று காட்டும். 4 ஓம்ஸ், மூன்றரை பக்கம் காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை, அது கம்பிச்சுருளின் நேர் மின்தடையை மட்டும்தான் அளக்கிறது. வெளிப் பெட்டி இந்த எண்ணுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையவே கூடாது. 8 ஓம்ஸ் செட்டில் 4 ஓம்ஸ் கார் ஸ்பீக்கரை மாட்டினால் ஐ.சி. (போர்டில் சத்தத்தைப் பெருக்கும் சிப்) சூடேறும்.

3. மைனஸ் உண்மையிலேயே மைனஸா?

இந்தப் படியைச் செய்யாமல் விட்டுத்தான் நான் என் மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த செட்டைக் கெடுத்தேன். இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக முறுக்கி, மூன்றே ஒயரில் வேலையை முடித்துவிட்டேன் என்று பெருமை வேறு. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் ஐ.சி. போய்விட்டது.

காரணம் இதுதான். சில செட்டில் ஐ.சி.யிலிருந்து ஒரு பெரிய கெபாசிட்டர் வழியாக ஸ்பீக்கரின் பிளஸுக்குச் சத்தம் வரும், மைனஸ் கிரவுண்டில் (பேட்டரியின் மைனஸ்) சேரும். வேறு சில செட்டில் ஸ்பீக்கரின் இரண்டு முனையையுமே ஐ.சி. எதிரெதிராகத் தள்ளும், இதைப் பிரிட்ஜ் என்பார்கள். அங்கே மைனஸ் என்று நாம் நினைப்பது கிரவுண்டே இல்லை.

கண்டுபிடிக்க: மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். செட்டை ஆன் செய்து வால்யூமை முழுக்கக் குறையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் மைனஸில், சிவப்பு முனை ஸ்பீக்கரின் ஒவ்வொரு காலிலும். இரண்டு காலிலும் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் கெபாசிட்டர் வகை. இரண்டிலும் 4, 5 வோல்ட் (பேட்டரியில் பாதி) என்றால் பிரிட்ஜ். ஒரு காலில் பூஜ்யம், மற்றதில் பல வோல்ட் என்றால் போர்டே பழுது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எந்த வகையாக இருந்தாலும் என் வழி ஒன்றுதான்: நான்கு ஒயர், நான்கும் தனித்தனி.

4. எத்தனை வாட் எதிர்பார்க்கலாம்?

செட்டின் மேல் நூற்றுக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட் (விளம்பரத்துக்காக ஊதிய கணக்கு) எழுதியிருப்பதை மறந்துவிடுங்கள். கெபாசிட்டர் வகைக்கு ஒரு மனக்கணக்கு: வோல்ட்டை அதனாலேயே பெருக்கி, ஓம்ஸின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 9 வோல்ட், 4 ஓம்ஸ் என்றால் 81-ஐ 32-ஆல் வகுக்க, இரண்டரை வாட். டிஇஏ2025 என்ற ஐ.சி.க்கு அதன் விவரத்தாளிலேயே இடது, வலது ஒவ்வொன்றுக்கும் 2.3 வாட் என்றுதான் போட்டிருக்கிறது.

இவ்வளவுதானா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ஸ்பீக்கரின் டெசிபல் அளவை, அதாவது ஒரே வாட்டுக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்பதைப் பாருங்கள். 84 டெசிபல் பெட்டிக்குப் பதில் 90 டெசிபல் பெட்டி வைத்தால், வாட்டை நான்கு மடங்காக்கிய சத்தம் சும்மா கிடைக்கும். 50 வாட் என்று எழுதிய பெட்டியை மாட்டுவதில் தவறில்லை. அது அந்தப் பெட்டி தாங்கும் அளவு, கேட்கும் அளவல்ல.

5. ஒயரிங்

வெட்டும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போர்டிலிருந்து வரும் இடது பிளஸ், வலது பிளஸ் இரண்டையும் சுவிட்சின் நடுக்கால்கள் இரண்டில் பற்றவையுங்கள். மேல் கால்கள் உள் ஸ்பீக்கர்களின் பிளஸுக்கு, கீழ்க் கால்கள் வெளி டெர்மினலின் பிளஸுக்கு. இடது மைனஸ் இடப்பக்க உள், வெளி இரண்டுக்கும். வலது மைனஸும் அப்படியே. இடதும் வலதும் எங்கும் தொடக்கூடாது. சுவிட்ச் எதற்கென்றால், உள்ளும் வெளியும் சேர்ந்து பாடினால் 8 ஓம்ஸ் இரண்டு 4 ஆகிவிடும்.

டெர்மினலுக்கு ஓட்டை போடுமுன் அந்த இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பாருங்கள். என் நண்பர் ஒருவர் ஏரியல் கம்பி மடங்கும் பள்ளத்தில் துளை போட்டுவிட்டார்.

இதெல்லாம் வேண்டாம் என்றால், ஹெட்போன் ஓட்டையிலிருந்து தனி ஆம்ப்ளிஃபையருக்கு ஒயர் எடுக்கலாம். ஆனால் வெறும் ஸ்பீக்கரை அதில் செருகாதீர்கள். பல செட்டில் அந்த வழியில் ரெசிஸ்டர் இருக்கும், கொசு மாதிரிதான் முனகும்.

6. சோதனை

பேட்டரியிலேயே, குறைந்த வால்யூமில் பத்து நிமிடம் பாடவிட்டு ஐ.சி.யின் ஹீட் சிங்கை (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) தொடுங்கள். வெதுவெதுப்பு சரி, விரல் வைக்க முடியாவிட்டால் உடனே அணைத்து ஓம்ஸையும் ஒயரையும் மறுபடி பாருங்கள்.

கடைசியாக இரண்டு பெட்டியையும் எதிரெதிரே முகம் பார்க்க நெருக்கி வைத்து, ரேடியோவை மோனோவில் (இரண்டு பக்கமும் ஒரே சத்தம்) போடுங்கள். பிறகு செட்டை அணைத்து, ஒரு பெட்டியின் பின்னால் மட்டும் பிளஸ், மைனஸ் ஒயரை மாற்றிச் செருகிக் கேளுங்கள். எந்த இணைப்பில் பேஸ் கனமாக வருகிறதோ, அதை அப்படியே விட்டுவிட்டுப் பின்மூடியைத் திருகுங்கள்.