இரண்டரைக் கோடித் தையலில் உங்கள் ஆயிரம்

2018 முடிவில் உலகில் 2 கோடியே 59 லட்சம் அகதிகள் இருந்ததாக ஐ.நா. அகதிகள் ஆணையம் கணக்குச் சொன்னது. வாயால் சொன்னால் இந்த எண் யாருக்கும் உறைக்காது. அமெரிக்காவின் சாக்ரமென்டோவைச் சேர்ந்த கலைஞர் ஜெனிஃபர் கிம் சோன் 2019-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்: ஓர் அகதிக்கு ஒரு தையல் வீதம் இரண்டரைக் கோடித் தையல். பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் துணியில் தைத்து அனுப்பினார்கள். இதுபோன்ற கூட்டுத் திட்டத்தில் சேர விரும்பும், ஊசியே பிடித்துப் பழகாதவர்களுக்கு இந்தச் செய்முறை.

1. முதலில் விதிகளைப் படியுங்கள். துணியின் அளவு, ஓரத்தில் விட வேண்டிய இடம், கடைசித் தேதி எல்லாம் அதில் இருக்கும். பெருக்கல் குறித் தையலை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாகவா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. துணியை வீட்டிலிருந்தே எடுப்பதானால் காடாத்துணி போதும். நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு வெட்டுங்கள். இல்லையென்றால் பின்னால் சுருங்கும். பென்சிலால் லேசாகக் கோடு போடுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டவே வேண்டாம்.

3. எம்ப்ராய்டரி நூலில் ஆறு இழைகள் இருக்கும். ஒரு முழ நீளம் வெட்டி, இழைகளை ஒவ்வொன்றாக உருவுங்கள். ஒரேயடியாக இழுத்தால் சிக்கிவிடும். இரண்டு இழையைச் சேர்த்து ஊசியில் கோத்தால் சரி.

4. இனி பின்தையல். துணியை எம்ப்ராய்டரி வளையத்தில் இறுக்கமாக மாட்டுங்கள். கோட்டின் தொடக்கத்திலிருந்து 4 மி.மீ. தள்ளி, அடியிலிருந்து ஊசியை மேலே எடுங்கள். பின்னால் வந்து தொடக்கப் புள்ளியில் குத்தி இறக்குங்கள். அடியில் 8 மி.மீ. முன்னே போய் மேலே எடுத்து, மறுபடி 4 மி.மீ. பின்னால் வந்து, முதலில் ஊசி மேலே வந்த அதே துளையில் இறக்குங்கள். அவ்வளவுதான், இதையே தொடருங்கள். நூலைச் சுண்டி இழுத்தால் துணி சுருங்கும்.

20 செ.மீ. கோட்டில் இப்படி 50 தையல் வரும். இருபது வரிசை போட்டால் ஆயிரம். அப்படி 25,000 துணி சேர்ந்தால்தான் இரண்டரைக் கோடி ஆகும்! எனவே பூவும் கொடியும் போட முடியவில்லையே என்று தயங்காதீர்கள். இங்கே அழகைவிட எண்ணிக்கைக்கே மதிப்பு. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் மொத்தமாக எண்ணலாம் என்று விட்டால் கண் வலிதான் மிச்சம்.

படம் தைக்க ஆசையா? முள்வேலியும் அழும் குழந்தையும் ஏற்கெனவே நிறைய வந்திருக்கும். ஒரு சாவி, ஒரு சமையல் பாத்திரம் போதும் என்பது என் கருத்து. பாலஸ்தீனத்தின் பாரம்பரிய எம்ப்ராய்டரியான தத்ரீஸ் வடிவங்களை எடுத்தால் அவை பாலஸ்தீனர்களுடையவை என்று குறிப்பிடுங்கள். அந்தக் கலையை யுனெஸ்கோ 2021-இல் தன் பட்டியலில் சேர்த்தது.

5. துணியைத் தொங்கவிட்டால் பின்பக்கமும் தெரியும். ஆகவே பெரிய முடிச்சுப் போடாமல், நூலின் நுனியை நாலைந்து தையலுக்கு அடியில் நுழைத்து வெட்டுங்கள்.

6. அப்புறம் குளிர்ந்த நீரில் அலசுங்கள். சிவப்பு நூல் சாயம் விடலாம் என்பதால் முன்பே அந்த நூலில் கொஞ்சம் வெட்டி நனைத்துச் சோதிப்பது நல்லது. தைத்த துணியை ஒரு டவலின் மேல் குப்புறப் போட்டு இஸ்திரி போடுங்கள்.

7. மடிக்காமல் சுருட்டி அனுப்புங்கள். தையல் எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். வெளிநாடு என்றால் சுங்கப் படிவத்தில் ‘கைத்தையல் துணி, விற்பனைக்கு அல்ல’ என்று குறிப்பிடுங்கள்.