கை விழாமல் ஆடினாலும் பக்கவாதமாக இருக்கலாம்

வாய் கோணும், பேச்சு குழறும், ஒரு பக்கம் விழுந்துபோகும். பக்கவாதம் என்றால் இவ்வளவும் நமக்குத் தெரியும். கை விழாமல், ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தால் மட்டும் அந்த நினைப்பே வருவதில்லை. முதல் தவறு அதுதான்.

காலையில் சாயா குடித்துக்கொண்டிருந்த பாட்டிக்குத் திடீரென்று இடது கையும் காலும் தன்னால் நெளிகின்றன, சில நேரம் எறிவதுபோல வீசுகின்றன. நினைவு தெளிவாக இருக்கிறது, கேட்டால் பதிலும் சொல்கிறார். மூளையின் ஆழத்தில் வேண்டாத அசைவை அடக்கிவைக்கும் சிறு பகுதிகள் உண்டு. அங்கே ரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ அந்தப் பிடி விட்டுப்போய், எதிர்ப்பக்கக் கை கால் இப்படி ஆடும். பக்கவாதம் வந்தவர்களில் நூற்றுக்குச் சிலருக்குத்தான் இது வரும், அதனால்தான் ஏமாறுகிறோம்.

வலிப்பு என்று இரும்புச் சாவியைக் கையில் திணிப்பார்கள். வலிப்புக்கே அது உதவாது. வர்ம வைத்தியம் நம் குமரி மாவட்டத்தின் பெருமை, ஆசான்மார் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் அன்றைக்கு எண்ணெய் போட்டுத் தடவ நேரமில்லை. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு வந்துசேரவே அதில் ஒரு பங்கு போய்விடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துவையுங்கள். வீட்டில் இருக்கிற ஆஸ்பிரினைக் கொடுக்காதீர்கள், உள்ளே ரத்தக்கசிவாக இருந்தால் ஆபத்து.

சர்க்கரை மிக ஏறினாலும் இதேபோல ஒரு பக்கம் ஆடும், மிக இறங்கினாலும் ஆடலாம். அதைப் பார்க்கத்தான் வேண்டும். அதற்காக ‘சுகர்தான்’ என்று நாமே முடிவுகட்டி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

இன்னொன்று, எழுந்து நின்றதும் ஒரு கை ஓரிரு நிமிடம் நடுங்கி, உட்கார்ந்ததும் அடங்கிப்போவது. ‘நரம்புத் தளர்ச்சி’ என்று டானிக் வாங்கிக் குடிப்பவர்கள் நிறைய. கழுத்து ரத்தக்குழாய் அடைத்திருந்தாலும் இப்படி வரும். நடுக்கம் அடங்கிவிட்டதே என்று விட்டுவிட்டால், அடுத்து வருவது பெரிய பக்கவாதமாக இருக்கலாம்.

சரி, சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொன்னால்? முதல் சில மணி நேரத்தில் சின்ன அடைப்பு அதில் தெரியாமல் போகலாம். எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். தூங்கும்போது இந்த ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும், மருத்துவர் வரும் நேரத்தில் கை சும்மா கிடக்கலாம். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும்போதே போனில் அரை நிமிடம் வீடியோ எடுத்துவையுங்கள்.